ஃபயர்வால் ரூல்: வரிசையைப் பாருங்கள்

போன வாரம் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் நெட் படு மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க வைஃபையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மைக்ரோடிக் ரவுட்டரைத் திறந்தால், டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பயன்படுத்தும் 53-ஆம் போர்ட் இணையத்தின் பக்கம் திறந்து கிடக்கிறது. யார் யாரோ அனுப்பும் டிஎன்எஸ் கேள்விகளுக்கு ரவுட்டர் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ரவுட்டரின் ஃபயர்வாலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் வடிகட்டி) இதைத் தடுக்க டிராப் ரூல், அதாவது வரும் பாக்கெட்டைத் தூக்கிப்போடும் விதி, போட்டிருந்தார்கள். ஆனால், எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூலுக்குக் கீழே! ஃபயர்வால் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும்; பொருந்தும் முதல் அனுமதியோடு முடிந்தது. அந்த டிராப் ரூலின் பாக்கெட் எண்ணிக்கை 0 என்றே நின்றது.

இன்புட் செயின் என்ற ரூல் பட்டியலில் நான் வைக்கும் வரிசை இது: எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்), ரிலேட்டட் (அதோடு தொடர்புள்ள) இணைப்புகளுக்கு அனுமதி, அடுத்து இன்வேலிட் (எந்த இணைப்பிலும் சேராத பாக்கெட்) டிராப், அப்புறம் உள் நெட்வொர்க்குக்கு அனுமதி, கடைசியில் மீதி எல்லாம் டிராப். இது ரவுட்டருக்கே வருவதற்கு மட்டும். விருந்தினர் போன்களுக்குப் போய்வருவது ஃபார்வர்டு செயின், அதற்குத் தனி ரூல் வேண்டும்.

நாகர்கோவிலில் உட்கார்ந்து விபிஎன் (இணையம் வழியே அந்த நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக மாற்றுகிறீர்களா? விபிஎன்னுக்கான அனுமதியைக் கடைசி டிராப்புக்கு மேலே வைத்துவிட்டு, வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் மென்பொருளில் சேஃப் மோடை அழுத்திய பிறகே அந்த டிராப்பைப் போடுங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றங்கள் தானாகத் திரும்பிவிடும். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு எஸ்டாப்ளிஷ்ட் ரூலால் பிழைத்துக்கொள்ளும். அதனால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து புதிதாக விபிஎன் போட்டு லாகின் செய்து பார்த்த பிறகே சேஃப் மோடை எடுங்கள்.