'எம்' நிலையில் கைவைக்கும் முன்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் புதிய ஆட்டோமேட்டிக் காரில் என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஒரு மேம்பாலம் ஏறினார். உச்சிக்குச் சற்று முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. அவர் பிரேக்கைத் தொடவேயில்லை. நெம்புகோலை, கியரை நாமே மாற்றிக்கொள்ளும் 'எம்' நிலைக்குத் தள்ளி முதல் கியரில் வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி, காரைப் பின்னாலும் உருளவிடாமல் முன்னாலும் நகரவிடாமல் அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். "கிளட்ச் பெடலே இல்லை, ஆனாலும் ஹாஃப் கிளட்ச்சில் நிற்கிறது பாருங்கள்" என்று ஒரு பெருமை வேறு. எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்க்கும் தட்டு பாதி மட்டும் பிடித்திருப்பதுதான் ஹாஃப் கிளட்ச். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பெருமையோடு ஒரு கிளட்ச்சைக் கரியாக்கியவன் நான்.

இரண்டு காலாலும் ஓட்டுவது, ஓடும் வண்டியில் ரிவர்ஸ் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பல ஆண்டுகள் கையால் கியர் மாற்றிப் பழகியவர்கள், பழகிய காரணத்தாலேயே செய்யும் தவறுகள்தான் என் கவலை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது

கூட்டல், கழித்தல் குறிகளுடன் தனித் தடம் கொண்ட நெம்புகோலை 'டிப்ட்ரானிக்' என்ற பெயரில் பரவலாக அறியச்செய்தது போர்ஷே. 1990 மாடல் 911 கார்களில் அது வந்தது. இன்று எந்த நிறுவனத்தின் கார் என்றாலும் பலர் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். பெயர் ஒன்றானதால் பெட்டியும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

உள்ளே நான்கில் ஒன்று இருக்கலாம். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினின் விசை எண்ணெய் வழியாகக் கியருக்குப் போகிறது. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பெட்டியேதான். கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியரை நகர்த்தும் வேலையையும் மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது. டி.சி.டி.யில் கிளட்ச் இரண்டு: ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. அதிலும் எண்ணெயில் முழுகிய கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரு சாதிகள் உண்டு. சி.வி.டி.யில் படிப்படியான கியர்களே கிடையாது. நான்கிலும் 'எம்' நிலை இருக்கலாம். நான்கும் கெட்டுப்போகும் விதம் வேறு வேறு. உங்களுடையது எது என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். நிறுத்திவைப்பதற்கான 'பி' (பார்க்கிங்) நிலையே இல்லாத நெம்புகோல் என்றால் பெரும்பாலும் ஏ.எம்.டி.தான்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் காரைப் பிடித்து நிறுத்துவது

இதைப் பற்றி மட்டும் நான் நீட்டித்தான் பேசுவேன்.

என் முதல் ஏ.எம்.டி. கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மலைப்பாதையில் எங்கோ மேலே லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, வரிசை ஒரு கார் நீளம் நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று. இருபது வருட மேனுவல் பழக்கம் என்னிடம். 'எம்' நிலையில் போட்டதும் கட்டுப்பாடு முழுவதும் என் கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். ஆக்சிலரேட்டரை மயிரிழை அளவுக்கு அழுத்திக் காரை ஏற்றத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்தவர் என் திறமையை மெச்சுவார் என்றுகூட நினைத்திருப்பேன். முதலில் கருகல் வாடை வந்தது. முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் எஞ்சின் மட்டும் இரைந்தது, கார் நகரவில்லை.

கழற்றிப் பார்த்த மெக்கானிக், கிளட்ச் தட்டு உரசிப் பிடிக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தை என் முன்னால் வைத்தார். பளபளப்பான இரும்பில் நீலத் திட்டுகள். கிளட்ச் தட்டு கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தது. "யார் ஓட்டியது?" என்று மட்டும் கேட்டார். கிளட்ச் முழுவதையும் மாற்றி, ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். 'எம்' நிலையில் நம் கைக்கு வருவது கியர் எண் மட்டும். கிளட்ச் அப்போதும் கணினியிடமே இருக்கிறது. ஏற்றத்தில் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தால், 'இவர் மிக மெதுவாக நகர விரும்புகிறார்' என்று அது புரிந்துகொண்டு கிளட்ச்சைப் பாதியில் பிடித்து வைக்கிறது. நாம் நிற்க நினைக்கிறோம், அது நகர்த்தப் பார்க்கிறது. நடுவில் தட்டு தேய்கிறது.

எவ்வளவு வெப்பம் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1200 கிலோ கார், 10 சதவீத ஏற்றம். அதை உருளாமல் பிடிக்க, முதல் கியரில் கிளட்ச் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடுகிறது, கார் நிற்கிறது. ஆகவே அந்த ஆற்றல் முழுவதும் உராய்ந்து வெப்பமாகிறது. கிட்டத்தட்ட 4 கிலோவாட். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு தட்டின் மேல் 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் நான்கை ஒன்றாக வைத்து அழுத்துவதற்குச் சமம். காற்று மட்டுமே குளிர்விக்கும் உலர் கிளட்ச் அதை எத்தனை நிமிடம் தாங்கும்?

மேனுவல் காரில் இதே தவறைச் செய்தால் இடது கால் வலித்து நம்மை எச்சரிக்கும். இங்கே வலிக்க ஒரு காலும் இல்லை. எனக்கு இன்றும் எரிச்சல் ஊட்டுவது இதுதான்: தவறு செய்யும்போது கார் மிக இதமாக நிற்கிறது.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் தட்டு தேயாது, எண்ணெய்தான் சூடாகும். எண்ணெயில் முழுகிய கிளட்ச்சுக்கும் பொறுமை கொஞ்சம் அதிகம். உலர் கிளட்ச் டி.சி.டி.யும் ஏ.எம்.டி.யும் மன்னிப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. நின்றால் பிரேக். நெடுநேரம் நின்றால் ஹேண்ட் பிரேக்கும் நியூட்ரலும். ஏற்றத்தில் கார் உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி இருந்தாலும் அது பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின் இரண்டு மூன்று வினாடிதான் பிடிக்கும். காலை மாற்ற அது போதும், காத்து நிற்கப் போதாது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம். முன்னால் இடைவெளி விழட்டும். விழுந்ததும் தயங்காமல் எடுத்து ஓட்டிச் சென்று நில்லுங்கள். முதல் கியரில் மணிக்கு 6, 7 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும். அதற்குக் கீழே ஊரும் ஒவ்வொரு அடியும் தேய்மானம். சில கார்கள் 'எம்' நிலையில் இரண்டாம் கியரிலேயே கிளம்ப அனுமதிக்கும். வழுக்கும் தரையில் உதவுகிற வசதி அது. ஏற்றத்தில் அப்படிக் கிளம்பினால் கிளட்ச்சுக்கு இரட்டைச் சுமை.

நண்பரிடம் இத்தனையும் மேம்பாலத்தின் மேலேயே சொன்னேன். பாதியிலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார்.

இறக்கத்தில் தாமதமாகக் கியர் கேட்பது

'எம்' நிலையின் உண்மையான பயன் மலையிறக்கத்தில்தான். ஆனால் வண்டி வேகம் பிடித்து, பிரேக் சூடேறி வாடை வரத் தொடங்கிய பிறகு கழித்தல் பக்கம் தட்டுகிறார்கள். கார் மறுத்துவிடுகிறது. அந்த வேகத்தில் கீழ்க் கியர் கொடுத்தால் எஞ்சின் தன் எல்லையை மீறிச் சுற்றும் என்பதால் கணினி கொடுக்காது. அந்த நெம்புகோலால் வேண்டுகோள்தான் வைக்க முடியும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருக்குமோ அதைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எஞ்சின் 3500 சுற்றில் உறுமுவதைக் கேட்டுப் பயந்து கியரை ஏற்றிவிடுபவர்களும் உண்டு. பெட்ரோல் வீணாகிறதாம். காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருள் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். உறுமல் வெறும் காற்றுதான்.

இறக்கத்தில் நியூட்ரல்

வேண்டவே வேண்டாம்.

கூட்டல் எந்தப் பக்கம் என்று பார்க்காதது

பல கார்களில் முன்னால் தள்ளினால் கியர் ஏறும். பி.எம்.டபிள்யூ., மாஸ்டா கார்களில் முன்னால் தள்ளினால் இறங்கும். இரவல் கார் ஓட்டும்போது கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முந்திச் செல்லும்போது சோதித்துப் பார்க்க வேண்டாம்.

முந்தும்போது பாதியில் கியர் ஏற்றுவது

ஏ.எம்.டி.யில் கியர் மாறும் அந்த நொடியில் சக்கரத்துக்கு விசை போகாது. எதிரே லாரி வரும் நேரத்தில் அந்த நொடி நீளமானது. முந்தத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, முந்தி முடித்த பிறகு ஏற்றுங்கள்.

சி.வி.டி.யில் கியர் மாற்றிப் பெருமைப்படுவது

படிப்படியான கியரே இல்லாத பெட்டி, கியர் மாறுவதுபோல் உங்களுக்காகப் போடும் வேடம் அது. ரசிக்கலாம். இறக்கத்தில் உதவவும் செய்யும்.

ஏ.எம்.டி.யை நியூட்ரலில் நிறுத்திவிட்டுப் போவது

'பி' இல்லாத வண்டியில் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டிருக்க வேண்டும்.

சமதளம் வந்த பின்னும், கியரைக் காரே மாற்றிக்கொள்ளும் 'டி'க்குத் திரும்ப மறப்பது

நான் இன்னும் மறக்கிறேன். இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தக் கத்த நாலு கிலோமீட்டர் போன பிறகு, "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று பின்சீட்டிலிருந்து யாராவது கேட்பார்கள்.