எழுத்தாளர் தன் கதையை வாசிக்கிறார்: வீட்டிலேயே வீடியோ எடுக்கும் முறை

போன மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், நம் ஊர்ச் சிறுகதை எழுத்தாளர் அக்கா ஒருவர் தன் கதையை வாசிப்பதைப் பதிவு செய்தேன். கோப்பிக் கடைக்காரர் பேசும் இடம் வந்தது. அச்சில் "உட்காருங்கள்" என்றிருந்ததை அக்கா "உக்காருங்கண்ணே" என்று வாசித்தார். பிறகு கேட்டதற்கு, "நான் எழுதினது இதுதான் தம்பி. அச்சுக்குப் போறப்ப திருத்திட்டாங்க" என்றார்.

1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றைத் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. அந்த "உக்காருங்கண்ணே" வேண்டுமென்றால் நாம்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரு கைப்பேசி போதும்.

படி 1: நாளும் பகுதியும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று வீவக வீடுகளில் சீரமைப்பு வேலை செய்யக் கூடாது என்பதால் மேல்வீட்டில் துளையிடும் சத்தம் இருக்காது. புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணமோ துக்க காரியமோ நடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பதை எழுத்தாளரே முடிவு செய்யட்டும். எட்டு நிமிடத்துக்கு 800 சொல் சரியாக வரும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து, பின் அடிக்காமல் கொடுங்கள். படித்த தாளைப் புரட்டாமல் பக்கத்தில் நகர்த்தி வைத்தால் சரசரப்பு கேட்காது.

படி 2: வெளிச்சம்

என் முதல் பதிவு இங்கேதான் கெட்டது. கைப்பேசித் திரையில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் போட்டால், எழுத்தாளரின் முகத்தின் மேல் மங்கலான பட்டைகள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தன. மறுவாரம் மறுபடி வாசிக்கச் சொன்னேன். பெரியவர், பொறுமையாக வாசித்தார். ஆனால் முதல் தடவை தாயின் மரணத்தைச் சொல்லும் இடத்தில் குரல் தழுதழுத்து நின்றதே, அது இரண்டாம் தடவை வரவில்லை. இன்றுவரை எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது. அதனால் இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள்.

சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கைப்பேசி வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம், எடுக்கும். அப்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தத் துடிப்பின் வெவ்வேறு துண்டு பதிவாகும். பட்டை வருவது அதனால்தான். ஷட்டரை 1/50-இல் வைத்தால் இரண்டு முழுத் துடிப்புகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் அடங்கிவிடும், பட்டை மறைந்துவிடும்.

ஐஃபோனில் அமைப்புகள், கேமரா, வீடியோ பதிவு என்று போய் 'பிஏஎல்' (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் தொலைக்காட்சி முறை) வடிவங்களைக் காட்டும் பொத்தானைத் தட்டினால் நொடிக்கு 25 ஃபிரேம் கிடைக்கும். ஷட்டரையும் கையால் வைக்க நான் பிளாக்மேஜிக் கேமரா செயலியைத்தான் சொல்வேன். இலவசம், விளம்பரமும் கிடையாது. முதலில் ஒரு நிமிடம் எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் அதன் நிழலும் முகத்தில் ஓடும். விளக்கை அணைத்துவிட்டு, எழுத்தாளரை ஜன்னலைப் பார்த்து உட்கார வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

படி 3: ஒலி

காசு செலவழிப்பதென்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் தெளிவாக இல்லையென்றால் மூடிவிடுவார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே வையுங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கையில் வாங்கிப் பார்த்தே வாங்கலாம். விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்த வேண்டும். வியர்க்கும்தான், அதனால் வாசிப்பு முடிந்ததும் பத்து நிமிடம் ஏர்கானைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். தொடங்கும் முன் யாரும் பேசாமல் 30 நொடி வெறும் அறையைப் பதிவு செய்து வைத்தால், பிறகு வெட்டிய இடங்களை நிரப்ப உதவும்.

படி 4: உரையாடல்

வாசிப்பு முடிந்த பிறகே பேச்சு. முன்னால் பேசவிட்டால் கதையை விளக்கிவிடுவார்கள். "உங்களை எழுதத் தூண்டியது எது?" என்று தொடங்காதீர்கள். அந்தப் பதிலை அவர்கள் நூறு மேடையில் சொல்லியிருப்பார்கள். இப்போது வாசித்த பக்கத்திலிருந்து ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். பதில் வந்ததும் மூன்று நொடி சும்மா இருங்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையான பதில் வரும்.

படி 5: உரிமை

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த படத்துக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். கதையின் உரிமை எழுத்தாளரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். எங்கே வெளியிடுவோம், கேட்டால் நீக்குவோமா என்று அரைப் பக்கம் எழுதி, கேமராவைத் திறக்கும் முன்பே இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும் உங்களுக்கே தெரியும்.

பின்சேர்க்கை: "என் ஆண்ட்ராய்டில் 25 இல்லையே" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 30-லேயே எடுங்கள், ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள், அது போதும். மங்கலாக்கும் வசதியுள்ள எல்இடி விளக்காக இருந்தால் முழு வெளிச்சத்தில் வையுங்கள். குறைத்து வைத்தால் சிலவற்றில் துடிப்பு மாறி, பட்டை திரும்ப வரும்.

இன்னொரு பின்சேர்க்கை: வீடியோவின் மேல் வரும் தலைப்பில் "கொ" என்று எழுதினால் கொம்பு தனியாக, க தனியாக உடைந்து வருகிறது என்று ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். சில எடிட்டிங் மென்பொருள்கள் தமிழை இப்படித்தான் உடைக்கும். தலைப்பை கூகுள் ஸ்லைட்ஸில் எழுதி, படமாக இறக்கி, வீடியோவின் மேல் வையுங்கள். துணைவரிக் கோப்பை, தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லையென்றால் வரி முழுக்கக் கேள்விக்குறிதான் தெரியும்.