நட மறந்த பூக்கிழங்குகளைப் பருவக் கடைசியில் நடுதல்

இலையுதிர்காலத்தில் நட்டிருக்க வேண்டிய டூலிப், டாஃபடில் கிழங்குகள் பையிலேயே கிடந்துவிட்டால், அவற்றை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைக்க வேண்டாம், அதற்குள் வற்றிப்போய்விடும். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாகவும் கனமாகவும் இருப்பது பிழைக்கும், மெத்தென்று அமுங்குவதும் சக்கைபோல் லேசாக இருப்பதும் தேறாது. மேல்தோலில் சிறிதளவு பூசணம் படிந்திருப்பதைக் கண்டு பலர் நல்ல கிழங்கையே எறிந்துவிடுகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு நடலாம், ஆனால் வெளிவந்த முளை முறிந்துவிடக் கூடாது. மண் உறைந்து இறுகாதவரை, கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்குமாறு நட்டு, ஒருமுறை நீர் ஊற்றினால் போதும். மண் இறுகிவிட்டிருந்தால், வடிகால் துளையுள்ள தொட்டியில் நட்டு, டூலிப்புக்குத் தேவையான 12 முதல் 16 வாரக் குளிர் கிடைக்கும்படி, கடும் உறைபனி தாக்காத கொட்டகையில் வையுங்கள். பிந்தி நட்டவை பெரும்பாலும் குட்டையான தண்டில், பிந்தியே பூக்கும்.