சிக்மா பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

துகள் இயற்பியலில் ஒரு புதிய முடிவு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது சிக்மா எண்ணைத்தான்; தற்செயலான ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு முடிவு எவ்வளவு பெரியது என்று சொல்லும் அளவு அது. 3 சிக்மா என்றால் தடயம், 5 சிக்மா என்றால் கண்டுபிடிப்பு என்பது இந்தத் துறையின் வழக்கம். வழக்கத்தில் குறையில்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் பலரும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் அறிவிக்கப்பட்டபோது, "5 சிக்மா, அதனால் அந்தத் துகள் இருப்பது 99.9999 சதவீதம் உறுதி" என்ற விளக்கம் பரவலாக வந்தது. 5 சிக்மா சொல்வது அதுவல்ல. புதிய துகளே இல்லை, எல்லாம் ஏற்கெனவே தெரிந்த பின்னணி நிகழ்வுகள்தான் என்று வைத்துக்கொண்டால், தரவில் இவ்வளவு பெரிய மேடு தற்செயலாக வருவதற்கு சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான் அதன் பொருள். ஆய்வாளர்களுக்குத் தெரிந்த பிழைகள் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். தெரியாத பிழை சேராது.

அப்படித் தெரியாத பிழை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை ஓபெரா என்ற நியூட்ரினோ சோதனை காட்டியது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்துக்கு, சுமார் 730 கிலோமீட்டர் பாறை வழியே வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன என்று 2011 செப்டம்பரில் அந்தக் குழு அறிவித்தது. 6 சிக்மா! புள்ளியியலில் தவறே இல்லை. முறைசார் பிழையை (கருவியாலும் அளவிடும் முறையாலும் வரும் பிழை) 7.4 நானோநொடி என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தது. அதனால் மட்டும் சுமார் 73 நானோநொடி பிசகியிருந்தது; கடிகாரம் ஒன்றின் வேறொரு பிழை எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுசெய்தது. இன்னும் 10 மடங்கு தரவு சேர்த்திருந்தாலும் இது சரியாகியிருக்காது, தவறான விடைதான் இன்னும் துல்லியமாகக் கிடைத்திருக்கும். அதனால் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது சிக்மாவுக்கு முன்னால் முறைசார் பிழைகளின் அட்டவணையைப் பாருங்கள் என்பேன். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, எத்தனை இடத்தில் தேடினார்கள் என்று கேட்காமல் விடுவது. 2015 டிசம்பரில் ஃபோட்டான் (ஒளித்துகள்) இணைகளில் 750 ஜிஇவி (துகள்களின் நிறையைச் சொல்லும் ஆற்றல் அலகு) அருகே செர்னின் அட்லஸ் சோதனை பார்த்த மேடு, அந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்தால் 3.6 சிக்மா. தேடிய நிறை வரம்பு முழுவதையும் கணக்கில் கொண்டால் 2 சிக்மா அளவுக்கு இறங்கிவிடும். செர்னின் இன்னொரு சோதனையான சிஎம்எஸ்ஸும் அதே பக்கத்தில் ஒரு சின்ன மேட்டைப் பார்த்ததால் பரபரப்பு கூடியது. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு காணாமல் போனது.

வானியற்பியல் அளவீடுகளில் பின்னணியே பாதிப் போராட்டம். 2014-இல் பைசெப்2 தொலைநோக்கிக் குழு ஆதி ஈர்ப்பலைகளின் (பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பு அலைகள்) தடம் என்று அறிவித்த சமிக்ஞையை, நம் பால்வீதியின் தூசியைக் கொண்டே பெருமளவு விளக்கிவிட முடியும் என்று பிளாங்க் விண்கலத்தின் தரவும் சேர்ந்த ஆய்வு 2015-இல் காட்டியது. சமிக்ஞை உண்மை, அது வந்த இடம்தான் வேறு.

அப்புறம், எதுவும் கிடைக்கவில்லை என்ற முடிவை "இல்லை" என்று படிக்காதீர்கள். புரோட்டான் சிதைவதை ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே உணர்கருவி இதுவரை பார்த்ததில்லை. ஒரு குறிப்பிட்ட வழியில் சிதைவதானால் அதற்கான ஆயுள் 10-இன் அடுக்கு 34 ஆண்டுகளுக்கு மேல் என்பதே அங்கிருந்து வரும் செய்தி. புரோட்டான் சிதையவே சிதையாது என்பதல்ல.

கடைசியாக, ஒத்துப்போகாத இரண்டு அளவீடுகளைச் சராசரி எடுத்து சமாதானம் செய்வது. டபிள்யூ போசான் என்ற துகளின் நிறை அமெரிக்காவின் சிடிஎஃப் சோதனையின் கணக்கில் (2022) 80,433.5 ± 9.4 எம்இவி (ஜிஇவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சிஎம்எஸ் கணக்கில் (2024) 80,360.2 ± 9.9. நடுவில் ஓர் எண்ணை எடுத்தால் அது இரண்டிலிருந்தும் கிட்டத்தட்ட 4 பிழை அளவு தள்ளி நிற்கும். இரண்டில் எதிலோ நமக்குத் தெரியாத ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேட வேண்டிய இடம் அந்த அளவீடுகளுக்குள்தான்.