புதுக் குட்டிக்குப் பேர் வைப்பது எப்படி? முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்கு வந்ததும் முதல் சண்டை பேரில்தான் தொடங்கும். பிள்ளைகள் யூடியூபில் கேட்ட பேரைச் சொல்வார்கள். துபாயில் இருக்கும் சித்தப்பா வீடியோ காலில் வந்து தன் பங்குக்கு ஒன்று சொல்வார். பாட்டி அதற்குள் "மணி, மணி" என்று கூப்பிட்டுச் சோறும் வைத்து முடித்திருப்பார்.

என்னைக் கேட்டால், பேர் முதலில் கூப்பிட உதவ வேண்டும். அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம் குமரி மாவட்டத்தில் நாயைக் கூப்பிடுகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். குலசேகரம் பக்கம் விடியுமுன் பால்வெட்டப் போகும்போது கூடவே வந்து ரப்பர் தோட்டத்துக்குள் காணாமல் போகும். முட்டத்திலும் குளச்சலிலும் அலைச் சத்தத்துக்கு மேலே நம் குரல் போக வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நாம் சொன்ன பாதி வார்த்தை நமக்கே கேட்காது. இதையெல்லாம் தாண்டி அதன் காதில் விழுகிற பேர்தான் வேண்டும்.

தேவையானவை: ஒரு தாள், ஒரு பேனா, வீட்டில் உள்ள எல்லாரும், மொட்டை மாடி அல்லது முற்றம், இரண்டு மூன்று நாள் பொறுமை. அந்த இரண்டு மூன்று நாளில் "பப்பி", "குட்டி" என்று வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அதுவே பேராகிவிடும். தெருவுக்கு நான்கு பப்பி இருப்பது இப்படித்தான்.

படி 1: ஆணா பெண்ணா என்று உறுதிப்படுத்துங்கள்

நாய்க்குட்டியில் இது சுலபம். பூனைக்குட்டியில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். "ராணி" என்று பேர் வைத்துச் சீராட்டிய பூனை ஆறு மாதத்தில் மதில் மேல் நின்று மற்ற கடுவன்களோடு மல்லுக்கு நிற்கும். நிறம் ஓரளவு துப்புக் கொடுக்கும். முழுக்க ஆரஞ்சு நிறக் குட்டி பெரும்பாலும் ஆண். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் கலந்த குட்டி அநேகமாகப் பெண்தான், ஏனென்றால் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் முதல் தடவை கால்நடை மருத்துவரிடம் போகும்போது கேட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

படி 2: யார் யார் கூப்பிடப் போகிறார்கள்?

தாளில் வீட்டு ஆட்களை எழுதுங்கள். அதில் அதிக நேரம் வீட்டில் இருப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பாட்டாவோ பாட்டியோதான். நீங்கள் காலேஜுக்கும் வேலைக்கும் போன பிறகு பகல் முழுக்க அதைக் கூப்பிடப் போவது அவர்கள்.

இப்போது உங்களுக்குப் பிடித்த பேர்களை ஒவ்வொன்றாக அவர்களிடம் கொடுத்து, மும்மூன்று தடவை கூப்பிடச் சொல்லுங்கள். "மேக்ஸ்" என்பது "மேக்சு" ஆகும். "ஸ்னோயி" கண்டிப்பாகச் "சினோயி"தான். "பிரௌனி"யைப் "புரோணி" என்று சொல்லிவிட்டு, "ஆமா, அதத்தானே நானும் சொல்லுகேன்" என்பார்கள். திருத்தப் போகாதீர்கள். வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகக் கூப்பிட்டாலும் நாய் காலப்போக்கில் பழகிக்கொள்ளும், ஆனால் பழகும் காலம் நீளும். பாட்டி வாயில் எது நிற்கிறதோ அதையே எல்லாரும் சொல்வது என்று முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. "புரோணி" ஒன்றும் மோசமான பேரில்லை.

படி 3: கட்டளைச் சொற்களோடு மோதுகிறதா?

புதிதாக வளர்ப்பவர்கள் யோசிக்காமல் விடுகிற இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் 'சிட்', 'ஸ்டே', 'நோ' என்று ஆங்கிலக் கட்டளைகளை வைத்து எழுதியவை. நம் வீட்டில் நாயிடம் யார் அப்படிப் பேசுகிறார்கள்? உங்கள் வீட்டில் உண்மையில் புழங்கும் சொற்களை எழுதுங்கள். என் பட்டியல் இது: வா, போ, இரி, நில்லு, விடு, வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் "உட்காரு" என்பதைவிட "இரி"தான் வாயில் வரும்.

இப்போது பேரைப் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். "கிரி, இரி" என்று சொல்லிப் பாருங்கள். "ஹரி"யும் அப்படித்தான். நாய்க்கு முதல் எழுத்து தெளிவாக விழாவிட்டால் அதன் பேரே உட்காரச் சொல்லும் கட்டளை ஆகிவிடும். "பில்லு" என்றால் "நில்லு". "போலோ" என்றால் பாதியில் "போ". "நோவா" என்று வைத்துவிட்டு, செருப்பைக் கடிக்கும்போது "நோ, நோ" என்று கத்தினால் அது உங்களைப் பார்த்து வாலை ஆட்டத்தான் செய்யும். எல்லாவற்றிலும் சிக்கலானது "வா" என்று முடியும் பேர்கள். "ரேவா, நில்லு" என்று நீங்கள் சொல்வதற்குள் அது பாதித் தூரம் ஓடி வந்திருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் நாயிடம் இந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம்.

வீட்டு ஆட்களின் செல்லப்பேர்களோடும் ஒப்பிடுங்கள். மகன் "கிட்டு" என்றால் நாய் "பிட்டு" ஆகக் கூடாது. ஏற்கெனவே வேறு பிராணி இருந்தாலும் இதே விதி. 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பூனைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுப் பூனைகள் மற்ற சொற்களிலிருந்து தங்கள் பேரைப் பிரித்து அறிந்தன. ஆனால் நிறையப் பூனைகள் ஒன்றாக வாழும் பூனைக் காப்பிக்கடைகளில், தன் பேருக்கும் கூட இருக்கும் பூனையின் பேருக்கும் வித்தியாசம் காட்டவில்லை. எனவே "சின்னு", "மின்னு" என்று ஜோடி சேர்ப்பது போட்டோவுக்கு நன்றாயிருக்கும், கூப்பிட உதவாது.

படி 4: நீளமும் முடிவும்

இரண்டு அசை போதும். கடைசியில் இழுக்கக்கூடிய ஓசை இருக்கட்டும். தூரத்தில் இருக்கும் யாரையும் நாம் கடைசி எழுத்தை இழுத்துத்தானே கூப்பிடுகிறோம். "மணீஈஈ" என்று இழுக்கலாம், "டாமீஈஈ" என்று இழுக்கலாம். "ரெக்ஸ்", "ஸ்பைக்" என்பதில் இழுக்க ஒன்றுமில்லை, காற்று அதை வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நாய்களுக்கு மணி என்ற பேர் அலுக்காமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ட, க, ப மாதிரி வல்லின எழுத்தில் தொடங்கினால்தான் நாய்க்குக் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள். மணி மெல்லினத்தில்தான் தொடங்குகிறது, எந்த மணியும் கேட்காமல் இருந்ததில்லை.

நீளமான பேரை நாயால் கற்றுக்கொள்ள முடியாது என்பதல்ல விஷயம். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பேர்களை அறிந்து வைத்திருந்தது என்று 2011-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. சுருக்க வேண்டியது நமக்காக. ஐந்தெழுத்தில் கம்பீரமாகப் பேர் வைத்தாலும் இரண்டாவது வாரம் நீங்களே வெட்டிச் சின்னதாக்கிவிடுவீர்கள். வெட்டினால் என்ன மிஞ்சும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பேரை எங்கே தேடுவது?

இணையப் பட்டியல்களை விட்டுவிடுங்கள். அங்கே எல்லாருக்கும் புரூனோவும் கோகோவும்தான் கிடைக்கும். முதலில் குட்டியைப் பாருங்கள். கருப்பன், செவலை, வெள்ளச்சி, புள்ளி எல்லாம் நம் ஊர்க்காரர்கள் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்து வைத்துத் தேய்த்த பேர்கள். அதனாலேயே நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும்.

பிறகு நம் மாவட்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தோவாளைப் பூச்சந்தையில் நிறத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. ஆரஞ்சு நிறப் பூனைக்குக் "கேந்தி"யைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? வெள்ளைக்கு முல்லை. மார்த்தாண்டம் என்றதும் நினைவுக்கு வருவது தேன்; பழுப்பு நிறக் குட்டிக்குத் "தேனு" என்று வைக்கலாம், இரண்டே அசை, இழுத்தும் கூப்பிடலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழம் நினைவாக வெளிர்மஞ்சள் நாய்க்குட்டிக்கு "மட்டி" என்று வைப்பதும் எனக்குச் சம்மதமே. திட்டுகிறோம் என்று கேட்பவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மீன் பேர்கள் பூனைக்கு ஆசையாக இருக்கும். ஆனால் "சாளை" என்று வைத்துவிடாதீர்கள். காலையில் மீன்காரர் வண்டியில் வந்து ஆரனை அடித்து "சாளே, நெத்தோலியே" என்று கூவும்போது உங்கள் பூனை, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று கேட் வரைக்கும் போய் நிற்கும். பேர் வேறாக இருந்தாலும் போய் நிற்கும்தான், ஆனால் அப்போதாவது உங்கள் குரலுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

ஆற்றுப் பேர் வைக்கலாம் என்று பார்த்தால் கோதையாறு, வள்ளியாறு. இரண்டும் சாமி பேர். அது நம்மை அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

படி 6: மொட்டை மாடிச் சோதனை

இரண்டு மூன்று பேர்கள் மிஞ்சியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், அல்லது முற்றத்தில் நின்று, ஒவ்வொன்றையும் முழுக்குரலில் கூப்பிடுங்கள். கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பேர் வேண்டாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் நீங்கள் இதைத்தான் கத்தப் போகிறீர்கள்.

அடுத்தது, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் ஊரில் ஒரே தெருவில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் இருக்கும். சாமிகள், புனிதர்கள், நபிமார்கள் பேர்களைத் தொடாதீர்கள். கட்சித் தலைவர் பேரும் வேண்டாம், சாதி அடையாளம் உள்ள பேர் வேண்டவே வேண்டாம். மனிதப் பேர் வைப்பதென்றால் சுற்றியிருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஜாணும் ராஜனும் ஷீபாவும் இல்லாத தெரு இங்கே ஏது? "ராஜா, எச்சில் இலையை விடுலே" என்று நீங்கள் கத்தும் நேரத்தில் பக்கத்து வீட்டு ராஜா அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். குறிப்பாக, எல்லைக்கல் தகராறு நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்காரர் பேரைத் தற்செயலாகக்கூட வைக்காதீர்கள். தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

டைகர் என்று கூப்பிட்டு நான்கு வீட்டு நாய்கள் குரைத்தால் அந்தப் பேரையும் அடித்துவிடலாம்.

கோழி, லவ்பேர்ட்ஸ், தொட்டி மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை, இஷ்டம்போல் வையுங்கள். பச்சைக்கிளிக்கு மட்டும் என்னிடம் பேர் கேட்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம்.

படி 7: பேரைப் பழக்குவது

தேர்ந்தெடுத்த நாளிலிருந்தே தொடங்குங்கள். வேகவைத்த கோழியோ, முள் நீக்கிய சூரை மீனோ, உப்பு மசாலா வெங்காயம் எதுவும் சேராமல், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பேரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். காது திரும்பும், பிறகு தலை திரும்பும். தலை திரும்பிய அந்த நொடியில் துண்டைக் கொடுங்கள். திரும்பாவிட்டால் மறுபடி மறுபடி சொல்லாமல், கொஞ்சம் பக்கத்தில் போய் மறுபடி ஒரே ஒரு முறை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், காலையும் மாலையும் போதும். முதலில் சத்தமில்லாத அறை, பிறகு முற்றம், அப்புறம்தான் தெரு.

திட்டும்போது பேரைச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். பேர் கேட்டால் நல்லதுதான் நடக்கும் என்று அது நம்பினால்தான் ஓடி வரும். இந்த விஷயத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம்.

பூனைக்குச் சாப்பாட்டுக் கிண்ணம் வைப்பதற்கு முந்திய நொடியில் பேரைச் சொன்னால் போதும். கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்துவிட்டு அங்கேயே படுத்திருந்தால் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

தெருவிலிருந்தோ வேறு வீட்டிலிருந்தோ வளர்ந்த நாயை எடுத்திருந்தால் பழைய பேரை மாற்றலாம். சில நாட்களுக்குப் புதுப் பேரை முதலிலும் பழையதை உடனே அடுத்தும் சொல்லி, துண்டைக் கொடுங்கள். மெல்லப் பழையதை விட்டுவிடலாம்.

படி 8: எழுதிவைப்பது

தடுப்பூசி அட்டையில் பேர் எழுத இடம் இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடுவது, மற்றவை அதற்கு முன்பே தொடங்கும், அதனால் முதல் ஊசிக்குப் போவதற்குள் பேர் முடிவாகியிருப்பது நல்லது. அட்டையிலும் வீட்டிலும் ஒரே பேர் இருக்கட்டும்.

கழுத்துப் பட்டையில் தொங்கவிடும் தகட்டில் பேரைவிட உங்கள் போன் நம்பர்தான் பெரிதாக இருக்க வேண்டும். பேரைத் தெரிந்துகொண்டு யாரும் நாயை வீட்டில் கொண்டுவந்து விட முடியாது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். குட்டி வேகமாக வளரும், வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்.