இமை முடி கண்ணைக் குத்துகிறதா? இங்கிலாந்தில் எங்கே போவது

கண்ணில் தூசி விழுந்த மாதிரி நாள்கணக்கில் உறுத்துகிறது, நீர் வடிகிறது, கழுவியும் போகவில்லை என்றால், இமை முடி உள்பக்கமாக வளர்ந்து கருவிழியை உரசிக்கொண்டிருக்கலாம். டாக்டர்கள் இதை டிரிக்கியாசிஸ் என்பார்கள்.

ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃபோன் போட்டு, சின்னக் கண் தொல்லைகளைப் பார்க்கும் 'மைனர் ஐ கண்டிஷன்ஸ் சர்வீஸ்' உண்டா என்று கேளுங்கள். பல பகுதிகளில் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) செலவிலேயே அங்குள்ள கண் பரிசோதகர், அதாவது ஆப்டோமெட்ரிஸ்ட், பார்த்துவிடுவார். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல வெளிச்சம் அடிப்பார். முடி உரசிய இடம் பச்சைக் கீறலாக மின்னும். குத்தும் முடியை அங்கேயே பிடுங்கவும் செய்வார்கள். நீங்களே கண்ணாடி முன்னால் நின்று பிடுங்காதீர்கள்; பாதியில் ஒடிந்த முடி முன்னைவிட மோசமாகக் குத்தும்.

சிக்கல் என்னவென்றால், பிடுங்கிய முடி ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி முளைத்துவிடும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் (அனுப்பிவைக்கும் கடிதம்) கேளுங்கள். நாலைந்து முடிதான் தொல்லை என்றால் லேசர் நல்ல வழி. இமையில் மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணுக்குக் காப்பு மூடி வைத்து, ஒவ்வொரு வேராகச் சுடுவார்கள். முடியின் கருமைதான் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. ஆகவே நம் கருப்பு முடிக்கு நன்றாகவே வேலை செய்யும், நரைத்த முடிக்கு அவ்வளவாக இல்லை. பெரும்பாலும் ஒரே தடவையில் முடியாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் லேசர் இருக்காது. வேரை உறைய வைக்கும் கிரையோதெரபி பற்றிப் பேசினால், நம் மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விழ வாய்ப்புண்டு. இமையே உள்ளே மடிந்திருந்தால் லேசர் போதாது, ஆபரேஷன்தான்.

விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டியவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் இல்லை. விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு உண்டு, அதுவும் வழக்கமான விலையில் 150 சதவீதம். அவசரமில்லை என்றால் அவர்கள் ஊரில் செய்துகொள்வதே மேல். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அப்பாயின்ட்மென்ட் உறுதியானதுமே சொல்லிவையுங்கள், காசு கிடையாது.

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். லண்டனில் சிட்டி ரோடு மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்றே 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் என்ஹெச்எஸ் உதவி எண் 111-க்கு அழைத்தால் எங்கே போவது என்று சொல்வார்கள்.