உருவாக்கப்பட்ட நிரலைச் சோதனையில் கம்பைல் செய்யும்போது கிளாஸ்பாத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாவில் அனோடேஷன் புராசஸர் (நிரலிலுள்ள @ குறிப்புகளைப் படித்து, கம்பைலின்போது புதிய நிரலை உருவாக்கும் கருவி) எழுதுவோர், அது உருவாக்கித் தரும் நிரல் உண்மையிலேயே கம்பைல் ஆகிறதா என்பதைத் தானியங்கிச் சோதனையில் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த இருவரின் சோதனைகளை அண்மையில் படித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பிழைகளையே மீண்டும் படிப்பதாகத் தோன்றியது. ஜார் கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டுவது, விண்டோஸில் அரைப்புள்ளி வேண்டிய இடத்தில் முக்காற்புள்ளி இடுவது போன்றவை முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

## சோதனையின் கிளாஸ்பாத்தை அப்படியே கொடுத்துவிடுவது

ஜாவா 6 முதல் கம்பைலரை நிரலுக்குள்ளிருந்தே அழைக்க முடிகிறது. அப்போது கிளாஸ்பாத் (கம்பைலர் பிற கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எதுவென்று நாம் சொல்லாவிட்டால், சோதனையை ஓட்டிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மின் (ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின்) கிளாஸ்பாத்தையே அது எடுத்துக்கொள்ளும். அதில் சோதனை நூலகமான ஜேயூனிட் இருக்கும். புராசஸர் தன் உள்வேலைக்குப் பயன்படுத்தும் நூலகங்களும் இருக்கும். நம் நூலகத்தைப் பயன்படுத்துபவரின் திட்டத்தில் இவை எதுவும் இருக்க வேண்டியதில்லை.

என் புராசஸர் உருவாக்கிய நிரலில், குவாவா என்ற கூகுளின் ஜாவா நூலகத்தின் பட்டியல் வகை ஒன்றை இறக்குமதி செய்யும் வரி புகுந்திருந்தது. குவாவாவை நான் சேர்த்தது புராசஸரின் தேவைக்காக மட்டுமே. எந்தச் சோதனையும் சிவக்கவில்லை. பயனர்களும் முறையிடவில்லை; அக்காலத்தில் கிரேடில் என்ற பில்ட் கருவி கம்பைல் கிளாஸ்பாத்திலேயே புராசஸர்களைத் தேடியதால், அவர்கள் என் ஜாரை அங்கேயே வைத்திருந்தார்கள், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு குவாவாவும் உள்ளே வந்திருந்தது. 2018 நவம்பரில் வெளியான கிரேடில் 5.0 அந்தத் தேடலை நிறுத்தி, புராசஸருக்கென்று தனிப் பாதையைக் கேட்டது. அதற்கு மாறியவர்களுக்கெல்லாம் குவாவாவின் தொகுப்பு இல்லை என்ற பிழை வந்தது. என் கணினியில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. இரண்டு நாட்கள் கிரேடிலைத் திட்டித் தீர்த்தேன். இத்தகைய பிழையைப் பிடிப்பதற்கென்றே எழுதிய சோதனை அதை மூடி மறைத்ததே என்ற எரிச்சல் இன்றும் தணியவில்லை.

கம்பைல் பணிக்குக் கிளாஸ்பாத்தை வெளிப்படையாகக் கொடுத்து, பயனர் கட்டாயம் வைத்திருக்கப்போகும் நூலகங்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நூலகமும் எங்கே இருக்கிறது என்பதை, அதிலுள்ள ஒரு கிளாஸின் புரொடெக்‌ஷன் டொமைன் வழியே அதன் கோட் சோர்ஸைக் கேட்டுப் பெறலாம். பாதையைக் கையால் எழுதினால் அடுத்த பதிப்பிலேயே உடையும். புராசஸரைப் பெயராகக் கொடுக்காமல், சோதனையிலேயே பொருளாக உருவாக்கிக் கம்பைல் பணியிடம் ஒப்படைத்தால், அதன் நூலகங்கள் சோதனையின் கிளாஸ் லோடரிலேயே (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதியிலேயே) தங்கிவிடும். கம்பைலாகும் நிரலின் கண்ணில் அவை படமாட்டா. ஆனால் அனோடேஷன்களும் புராசஸரும் ஒரே மாட்யூலில் இருந்தால், கோட் சோர்ஸ் தரும் கோப்புறையில் இரண்டும் கலந்தே வரும். அவற்றை இரண்டு மாட்யூல்களாகப் பிரிக்க நான் சோம்பியதற்கு இந்த வகையில் இன்னொரு பிழையை விலையாகக் கொடுத்தேன்.

## அழையாத புராசஸர்கள்

புராசஸரை நாம் குறிப்பிடாமலும் அதற்கெனப் பாதை தராமலும் விட்டால், ஜேடிகே (கம்பைலரும் அடங்கிய ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 22 வரை கம்பைலர் கிளாஸ்பாத்திலேயே தேடி, அகப்பட்ட லாம்பாக் முதலான புராசஸர்கள் அனைத்தையும் ஓட்டும். ஜேடிகே 23 அந்த இயல்பை மாற்றிவிட்டதால், அதை நம்பிய சோதனையில் எந்தப் புராசஸரும் ஓடாது. ஏற்கெனவே உருவாக்கிய நிரலை மட்டும் கம்பைல் செய்வதானால், புராசஸர் வேண்டாம் என்ற கம்பைலர் விருப்பத்தை (-proc:none) வெளிப்படையாகக் கொடுங்கள்.

## கிளாஸ் லோடரை யூஆர்எல் லோடராக வார்ப்பது

கிளாஸ்பாத்தின் பட்டியலைப் பெறச் சோதனையின் லோடரை இப்படி வார்ப்பதுண்டு; ஜாவா 9 முதல் அது நடக்காது.

## மூலப் பாதையைச் சொல்லாமல் விடுவது

அது இல்லாவிட்டால் கம்பைலர் கிளாஸ்பாத்திலேயே மூலக் கோப்புகளையும் தேடும். அங்கே ஒரு பழைய கோப்பு கிடந்தால், நீங்கள் கேட்காமலே அதுவும் கம்பைலாகும்.

## ஏற்றும்போது கதவைத் திறந்துவிடுவது

கம்பைல் செய்த கிளாஸை ஓட்டிப் பார்க்கப் புதிய லோடர் ஒன்றை உருவாக்கி, அதற்குச் சோதனையின் லோடரையே பெற்றோராக (கிளாஸ்களை முதலில் கேட்கும் லோடராக) வைத்தால், முன்பு விலக்கிய நூலகங்கள் பின்வாசல் வழியே திரும்பிவிடும். உருவாக்கிய நிரல் கிளாஸ்களைப் பெயரால் தேடி ஏற்றுவதாக இருந்தால் கம்பைலரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே பெற்றோராக, ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களை மட்டும் தரும் பிளாட்ஃபார்ம் லோடரை வைத்து, ரிஃப்ளெக்‌ஷன் மூலமே அந்தக் கிளாஸோடு பேச வேண்டியிருக்கும்.

## ஜேஆர்ஈயில் ஓட்டுவது

ஜேஆர்ஈ நிரலை ஓட்டுவதற்கு மட்டுமான தொகுப்பு; அதில் கம்பைலரைக் கேட்டால் null (வெற்று மதிப்பு) திரும்பும், ஜேடிகே வேண்டும்.